அத்தையின் கயிறும் 8 மி.மீ. ஆரமும்



போன எபிசோட்ல 3டி பிரிண்டிங் பத்திப் பேசுறப்ப, "ஃபில்லெட் பத்தி நியூஸ்லெட்டர்ல தனியா எழுதுறேன்"னு சொல்லித் தப்பிச்சுட்டேன். ஃபில்லெட்டை வாயால விளக்குறது கஷ்டம்ங்கிறது ஒரு காரணம். இன்னொன்னு, அதைச் சொல்ல ஆரம்பிச்சா நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லியாகணும். மைக் முன்னாடி அதுக்கு மனசு வரல. எழுத்துல பரவாயில்ல.

எங்க அத்தை, அப்பாவோட அக்கா, யாங்கோன்ல லத்தாவுல இருக்காங்க. நகரத்தோட சைனாடவுன் அது. ராத்திரியானா 19ஆம் தெரு முழுக்க பார்பெக்யூ புகை. தெற்கே ஸ்ட்ராண்ட் ரோட்ல சீனக் கோயில். கிழக்கே ஷ்வேடகோன் பகோடா ரோட்டைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தா, 1871ல நம்ம ஆளுங்க கட்டின காளியம்மன் கோயில். அத்தை வீடு நாலாவது மாடி. லிஃப்ட் இல்ல. அந்தப் பக்கத்துப் பழைய அபார்ட்மென்ட் பலதுலயும் கிடையாது. அதனாலதான் பால்கனிக்குப் பால்கனி ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும். நுனியில ஒரு கிளிப், இல்லன்னா ஒரு பை. சில கயித்துக்கு மேல் முனையில மணி இருக்கும்; கீழ இழுத்தா மேல அடிக்கும். பேப்பர்காரர் பேப்பரை மாட்டுவார், கீரைக்காரம்மா கீரையை மாட்டுவாங்க, காசு கீழ இறங்கும், மொஹிங்கா மேல ஏறும். யாங்கோன் போய் வந்தவங்க ஃபோன்ல இந்தக் கயிறு போட்டோ ஒண்ணாவது இருக்கும்.

டூரிஸ்ட்டுக்கு அது அழகு. முழங்கால் வலியோட தனியா இருக்கிற அத்தைக்கு அதுதான் மாடிப்படி.

போன தடவை நான் போயிருந்தப்ப ஒரு பிரச்சினை. கீழ் வீட்டுக்காரங்க வெயிலுக்குத் தகரத்துல சின்னதா ஒரு கூரை நீட்டியிருந்தாங்க. அத்தையோட பை ஒவ்வொரு தடவையும் அதுல போய் இடிக்கும். கயித்தைச் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டா போதும். ஊருக்குப் போற நம்ம எல்லாருக்கும் ஒரு வியாதி இருக்கு இல்லையா, "இதை நான் சரி பண்றேன்"னு உடனே கிளம்புறது? அதேதான். சிங்கப்பூர் திரும்பி ஒரே ராத்திரியில ஃப்ரீகேட்ல ஒரு பிராக்கெட் வரைஞ்சேன். பால்கனி இரும்புக் கம்பியோட யூ போல்ட் போட்டு இறுக்க 90 மி.மீ. உயரத்துல ஒரு தட்டு. அந்தத் தட்டோட நடுவிலிருந்து 150 மி.மீ. வெளியே நீளுற ஒரு கை. கையோட நுனியில கயிறு உக்கார ஒரு பள்ளம். பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்ல பிரிண்ட் பண்ணி, ஊருக்குப் போன சொந்தக்காரர் கையில குடுத்து அனுப்பினேன். எல்லா மூலையும் ரேஸர் மாதிரி நேரா, சுத்தமா இருந்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல.

ரெண்டு வாரம் கழிச்சு ஃபோன்.

"தம்பி, நீ குடுத்தது ஒடிஞ்சு போச்சுடா. அரிசிப் பை கீழ விழுந்துடுச்சு."

"யார் மேலயாவது விழுந்துச்சா அத்தே?"

"டீக்கடைத் தார்ப்பாய் மேல விழுந்துச்சு. பொம்பளைப் புள்ள ஒண்ணு அதுக்குக் கீழதான் உக்காந்திருந்துச்சு. அடி ஒண்ணும் படல. நீ பயப்படாத."

பையில இருந்தது 2 வீசை அரிசி. (பர்மாவுல இன்னமும் வீசைக் கணக்குதான். ஆங்கிலேயர்கள் எழுதி வச்ச 'விஸ்'ங்கிற சொல்லே நம்ம 'வீசை'யிலிருந்து போனது. ஒரு வீசை சுமார் 1.63 கிலோ.) அதாவது 3 கிலோவுக்கு மேல, நாலு மாடி உயரத்திலிருந்து. அத்தை பயப்படாதன்னு சொன்னாங்க. நான் அன்னிக்கு ராத்திரி தூங்கல.

ஒடிஞ்ச துண்டோட போட்டோ வந்துச்சு. கையும் தட்டும் சேருற இடத்துல, மேல் பக்க மூலையில தொடங்கி, கத்தியால வெட்டினாப்ல ஒரே கோடு.

முதல்ல கணக்கு. 2 வீசைன்னா சுமார் 32 நியூட்டன் எடை. 150 மி.மீ. தள்ளித் தொங்குது. கையோட குறுக்குவெட்டு 20 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழம். வளைக்கும் விசையைக் கணக்குப் போட்டா, கையோட அடியில மேல் பரப்புல வர்ற ஸ்ட்ரெஸ், பாடப்புத்தகத் தமிழ்ல தகைவு, சுமார் 10 மெகாபாஸ்கல். கயித்தை வெடுக் வெடுக்னு இழுக்கிறப்ப சுமை திடீர்னு ஏறும். மெதுவா ஏத்துறதைவிட அது ரெண்டு மடங்கு வரைக்கும் போகும்னு வச்சுக்கலாம். அப்ப 20. பி.இ.டி.ஜி. தாங்குறது சுமார் 45. பாதிக்கும் கீழதானே இருக்கு, பிறகு ஏன் ஒடிஞ்சுது?

ஏன்னா அந்த 20ங்கிறது மூலை இல்லாத உலகத்துல வர்ற எண். தகைவை வாய்க்கால் தண்ணி மாதிரி நினைச்சுக்கோங்க. அகலமான தட்டிலிருந்து ஒல்லியான கைக்குள்ள அது திரும்பி நுழையணும். திருப்பம் வளைவா இருந்தா தண்ணி பரவிப் போகும். திருப்பம் கூர் மூலையா இருந்தா, எல்லாம் அந்த மூலையை ஒட்டி நெருக்கியடிச்சுத் திரும்பும். அந்தப் புள்ளியில தகைவு ரெண்டரை, மூணு மடங்கு ஆகிடும். 20 ஐம்பதைத் தாண்டிடும். முதல் நாளே ஒடியணும்னு இல்ல. ஒரு மயிரிழை விரிசல் விழுந்தா போதும். அதுக்கப்புறம் அந்த விரிசலோட நுனியே இன்னும் கூர்மையான ஒரு மூலை.

இதை எண்ணா எழுதிக் காட்டினவங்கள்ல ஒருத்தர் சார்லஸ் இங்லிஸ், 1913ல. அவர் எடுத்துக்கிட்டது தட்டுல இருக்கிற நீள்வட்டத் துளை. துளையோட பாதி நீளத்தை, நுனியோட ஆரத்தால வகுங்க; வர்க்கமூலம் எடுங்க; ரெண்டால பெருக்கி ஒண்ணைக் கூட்டுங்க. தகைவு அத்தனை மடங்கு. பாதி நீளம் 5 மி.மீ., நுனி ஆரமும் 5 மி.மீ., அதாவது வட்டத் துளைன்னா 3 மடங்கு. நுனி ஆரம் 1.25 மி.மீ.னா 5 மடங்கு. 0.2 மி.மீ.னா 11 மடங்கு. ஆரம் பூஜ்யத்தை நோக்கிப் போனா விடை எங்கயும் நிக்காது. என் பிராக்கெட் தட்டுத் துளை இல்ல, அதுக்கு எண்கள் வேற. ஆனா போற திசை அதேதான். உங்க சாஃப்ட்வேர்ல ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் இருந்தா கூர் உள்மூலையில ஓட்டிப் பாருங்க. மெஷ்ஷைப் பொடிப்பொடியா ஆக்க ஆக்க அந்த மூலையில எண் ஏறிக்கிட்டே இருக்கும், ஒரு இடத்துல நிக்காது. அது பிழை இல்ல. நீங்க வரைஞ்ச மூலைக்கு ஆரமே இல்லைன்னு அது சொல்லுது.

இங்க காமெட் விமானத்தைச் சொல்லாம போனா நம்ம பாட்காஸ்ட் இல்ல. "ஜன்னல் சதுரமா இருந்துச்சு, அதான் வெடிச்சுது"ன்னு யூட்யூப்ல கேட்டிருப்பீங்க. 1954 ஜனவரி 10. சிங்கப்பூர்ல கிளம்பின பி.ஓ.ஏ.சி. காமெட், பேங்காக், ரங்கூன், கல்கத்தா, கராச்சின்னு இறங்கி இறங்கிப் போய், ரோமிலிருந்து லண்டனுக்குக் கிளம்பின கொஞ்ச நேரத்துல எல்பா தீவு பக்கம் வானத்துலயே உடைஞ்சுது. 35 பேரும் போயிட்டாங்க. ஆமா, அதே ரங்கூன். ஏப்ரல்ல நேப்பிள்ஸ் அருகே இன்னொண்ணு. பிறகு ஃபார்ன்பரோவுல ஒரு காமெட்டைத் தண்ணித் தொட்டிக்குள்ள வச்சு, உள்ள அழுத்தத்தை ஏத்தி ஏத்தி இறக்கினாங்க. பறந்ததையும் தொட்டியில பண்ணினதையும் சேர்த்து 3,057ஆவது சுற்றுல உடல் கிழிஞ்சுது. ஒரு திறப்போட மூலையில. இதுல கவனிக்க வேண்டியது, காமெட் ஜன்னல் மூலைங்க கூராவே இல்ல; வளைவாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த மூலையில, ஆணித் துளைகளை ஒட்டி, தகைவு எவ்வளவு ஏறும்ங்கிறதை வடிவமைச்சவங்க குறைவா எடைபோட்டிருந்தாங்க. அதனால "மூலையை உருட்டிட்டேன், முடிஞ்சுது"ன்னு நினைக்காதீங்க. எந்த மூலை, எவ்வளவு ஆரம், பக்கத்துல என்ன துளை, மூணும் சேர்ந்ததுதான் கேள்வி.

சரி, சாஃப்ட்வேருக்கு வருவோம். ஃபில்லெட் பட்டனை அமுக்கினா உள்ள என்ன நடக்குது?

ஒரு பந்தை நினைச்சுக்கோங்க. ரெண்டு சுவர் சேருற உள்மூலையில அந்தப் பந்தை வச்சு, ரெண்டு சுவரையும் தொட்டபடி உருட்டிக்கிட்டே போங்க. பந்து சுவரைத் தொடுற புள்ளிங்க ஒவ்வொரு சுவர்லயும் ஒரு கோடு போடும். அந்தக் கோடுகளுக்கு நடுவுல, பந்து எட்டாத இடத்தை மெட்டீரியலால நிரப்பினா, அதுதான் ஃபில்லெட். வெளி விளிம்புன்னா பந்து திடப்பொருளுக்கு உள்ளே உருளும். பந்துக்கு வெளியே மிஞ்சுற கூர்ப்பகுதியைச் சீவி எடுத்துடும். நேர் விளிம்புல உருண்டா கிடைக்கிறது உருளையோட ஒரு துண்டு. வட்ட விளிம்புல உருண்டா மெதுவடையோட ஒரு துண்டு. ரோசின்யாக், ரெக்விச்சான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1984ல இதைத் திட மாடலிங்குக்கு ஒழுங்கா வகுத்துக் குடுத்தாங்க. சாலிட்வொர்க்ஸ், ஆன்ஷேப் ரெண்டுக்கும் அடியில ஓடுற பாராசாலிட் ஆகட்டும், ஃப்ரீகேட் அடியில இருக்கிற ஓப்பன் காஸ்கேட் ஆகட்டும், ஃபில்லெட்னா பந்து உருளுறதா நினைச்சுக்கிட்டாலே பெரும்பாலும் புரிஞ்சுடும்.

இந்தப் பந்தை மனசுல வச்சுக்கிட்டா, "ஃபில்லெட் ஃபெயில்டு"ன்னு சிவப்பா வர்றப்ப கோபம் வராது. பந்து எங்க மாட்டிக்கிச்சுன்னு பார்ப்பீங்க. என் தட்டு 10 மி.மீ. தடிமன். மேல் ஓரத்துல ரெண்டு பக்க விளிம்புக்கும் 5 மி.மீ. ஃபில்லெட் கேட்டேன். 5ம் 5ம் 10. நடுவுல இருந்த முகம் முழுசாக் காணாமப் போகணும், ரெண்டு வளைவும் ஒரு கோட்டுல முட்டணும். ஃப்ரீகேட் மறுத்துடுச்சு. 4.9 குடுத்தா சிரிச்சுக்கிட்டே பண்ணுது. இன்னொரு உதாரணம், 8 மி.மீ. அகலத்துல ஒரு வட்டக் குழி. அதோட அடியைச் சுத்தி 5 மி.மீ. ஃபில்லெட் கேட்டா, 10 மி.மீ. பந்து 8 மி.மீ. குழிக்குள்ள எப்படி இறங்கும்? சாஃப்ட்வேர் முரண்டு பிடிக்கல, நாமதான் நடக்காததைக் கேக்கிறோம்.

மூணு விளிம்பு ஒரே புள்ளியில சேருற முனைதான் நிஜமான தலைவலி. மூணுக்கும் ஒரே ஆரம்னா, பந்து அந்த முனையில ஒரு இடத்துல நிக்கும், பந்தோட தோலே அந்த மூலைக்கு மூடியாகிடும். மூணும் வேற வேற ஆரம்னா, மூணு வளைவையும் தைக்கிற மாதிரி ஒரு ஒட்டுத்துணி கண்டுபிடிக்கணும். அங்கதான் பெரும்பாலும் கவிழும். என் பழக்கம்: பெரிய ஆரம் முதல்ல, சின்னது பிறகு. பெரிய ஃபில்லெட் போட்ட பிறகு சின்னப் பந்து அந்த வளைவு மேலயே சுகமா உருண்டு போகும். தலைகீழாப் பண்ணினா பெரிய பந்து சின்ன வளைவை முழுங்கப் பார்க்கும்.

இப்ப ஒரு சண்டைக்கான விஷயம். "ஃபில்லெட்டை ஸ்கெட்ச்ல போடாத, கடைசியில போடு"ன்னு எல்லா டியூட்டோரியலும் சொல்லும். அழகுக்குப் போடுற ஃபில்லெட்டுக்கு அது சரி; ஸ்கெட்ச் சுத்தமா இருக்கும், வேண்டாம்னா ஒரு கிளிக்ல அணைக்கலாம். ஆனா பலத்துக்காகப் போடுற உள்மூலை ஆரத்தை நான் ஸ்கெட்ச்லயேதான் போடுவேன். அணைக்க முடியுறதுதான் எனக்குப் பயம். பழைய ஃப்ரீகேட்ல இன்னொரு ஆபத்தும் இருந்துச்சு. மாடல்ல ஒவ்வொரு விளிம்புக்கும் அது ஒரு எண் வச்சிருக்கும். முன்னாடி இருக்கிற ஸ்கெட்ச்ல ஒரு துளை சேர்த்தா, எண்களெல்லாம் மாறி, 17ஆம் விளிம்புல இருந்த ஃபில்லெட் பாட்டுக்கு வேற விளிம்புல போய் உக்காந்துக்கும். மியூசிக்கல் சேர் மாதிரி. 2024 நவம்பர்ல வந்த 1.0 பதிப்புல இதைப் பெருமளவுக்குச் சரி பண்ணிட்டாங்க. இருந்தாலும் ஒரு பெண் பிள்ளை தலைக்கு மேல தொங்குற பொருள்ல, எந்த விளிம்பு எதுன்னு சாஃப்ட்வேர் ஞாபகம் வச்சுக்கும்னு நம்பி விட எனக்கு மனசில்ல.

எவ்வளவு ஆரம்? இங்க ஒரு நல்ல செய்தி இருக்கு. முதல் ரெண்டு, மூணு மில்லிமீட்டர்லயே பெரும்பலன் கிடைச்சுடும். என் கையோட ஆழம் 12 மி.மீ. அதுல கால்வாசி, 3 மி.மீ. ஆரம் குடுத்தாலே மூணு மடங்கா இருந்த தகைவு ஒன்றரை பக்கம் இறங்கிடும். 8 மி.மீ. குடுத்தா ஒன்றேகால் பக்கம். அதுக்கு மேல ஆரத்தை ஏத்துறதுல பெருசா லாபம் இல்ல. கையையே தடிமனாக்கினா அதிக பலன். நான் 8க்குப் போனேன், பயந்ததால. கையையும் 12லிருந்து 18 மி.மீ. ஆழமாக்கினேன். வளைவைத் தாங்குறது ஆழத்தோட வர்க்கத்துல ஏறும். ஒன்றரை மடங்கு ஆழம்னா ரெண்டேகால் மடங்கு பலம்.

8 மி.மீ. எடுத்ததுக்கு உடனே தண்டனையும் கிடைச்சுது. யூ போல்ட்டோட வாஷர் தட்டையா உக்காரணும். என் துளை மூலைக்குப் பக்கத்துல இருந்ததால, வாஷரோட ஒரு ஓரம் ஃபில்லெட் சரிவு மேல ஏறி நின்னுது. நட்டை இறுக்கினா வாஷர் ஒரு பக்கமா ஃபில்லெட்டை நசுக்கும், நான் காப்பாத்த நினைச்ச இடத்தையே. ஸ்க்ரீன்ல இது தெரியல, ஏன்னா நான் வாஷரை வரையவே இல்ல. பிரிண்ட் பண்ணிக் கையில வச்சப்பதான் தெரிஞ்சுது. துளைங்களைத் தள்ளி, அகலமான யூ போல்ட் வாங்கி, திரும்ப ஒரு பிரிண்ட்.

பிரிண்ட் பண்றப்ப ரெண்டு விஷயம். பிராக்கெட்டைப் பக்கவாட்டுல படுக்க வைங்க. நிக்க வச்சா கையோட அடியில அடுக்குக்கு அடுக்கு ஒட்டின இடமே பிரிஞ்சுடும், ஃபில்லெட் எதையும் காப்பாத்தாது. படுக்க வச்சா உள்மூலை வளைவை பிரிண்டர் ஒரே கோடா, இழுத்த மாதிரி போடும். ஆனா படுகையைத் தொடுற கீழ் விளிம்புக்கு ஃபில்லெட் வேண்டாம். வளைவு தொடங்குற இடம் கிட்டத்தட்டப் படுத்தபடி அந்தரத்துல நிக்கும், அசிங்கமாத் தொய்ஞ்சுடும். அங்க 45 டிகிரி சேம்ஃபர் போடுங்க, அதாவது சாய்வா ஒரு சீவல். பிரிண்டருக்குப் பதில் மில்லிங் மெஷின்ல வெட்டக் குடுக்கிறவங்களுக்கு வேற நியாயம்: சுத்துற கட்டர் உருண்டையா இருக்கிறதால, அது வெட்டுற பள்ளத்தோட உள்மூலையில ஒரு ஆரம் தானா வந்துடும். நீங்க கூர் மூலை வரைஞ்சு அனுப்பினா பட்டறைக்காரர் ஃபோன் பண்ணுவார். கட்டரோட ஆரத்தைவிடக் கொஞ்சம் பெருசாக் குடுத்தா, கட்டர் மூலையில நின்னு அதிராம வளைஞ்சு போயிடும்.

இது எதுவும் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சது இல்ல. இரும்பு வார்க்கிற பட்டறைங்கள்ல மரத்துல பேட்டர்ன் செய்யுறவங்க, உள்மூலைகள்ல மெழுகையோ தோல் பட்டையையோ வச்சு, உருண்டை முனை உள்ள கருவியால அழுத்தி வளைவாக்குவாங்க. கூர் மூலையில உருக்கின உலோகம் ஆறுறப்ப வெடிக்கும்னு அவங்களுக்குக் கைப்பழக்கத்துல தெரியும். கோயம்புத்தூர் பக்கம் ஃபவுண்டரியில வேலை பார்த்த மாமா, தாத்தா யாராவது உங்க வீட்டுல இருந்தா கேட்டுப் பாருங்க. உருளுற பந்துங்கிறது அவங்க கையில ஒரு நிஜப் பந்து.

ரெண்டாவது பிராக்கெட் இப்ப லத்தாவுல இருக்கு. கயிறு உக்காருற பள்ளத்தோட விளிம்பெல்லாம் 2 மி.மீ. உருட்டினது, கயிறு அறுபடாம இருக்க. அத்தை விரல் படுற வெளி விளிம்பெல்லாம் 1.5. அனுப்புறதுக்கு முன்னாடி எங்க வீட்டு ஜன்னல்ல கட்டி, 10 கிலோ அரிசி மூட்டையை ஒரு வாரம் தொங்கவிட்டேன். கூடவே அத்தைக்கு ரெண்டு நிபந்தனை. ஒரு தடவைக்கு ஒரு வீசைக்கு மேல வேண்டாம். கயித்தோட மறுமுனை எப்பவும் இரும்புக் கம்பியில கட்டியிருக்கணும். பிளாஸ்டிக் ஒடிஞ்சாலும் பை தெருவுக்குப் போகாது. வெயில்ல பிளாஸ்டிக் வருஷக் கணக்குல என்ன ஆகும்ங்கிறதை எந்த ஃபில்லெட்டும் தீர்க்காது. அடுத்த தடவை நேர்ல போறப்ப, அங்கேயே ஒரு வெல்டிங் பட்டறையில இதே வடிவத்தை இரும்புல பண்ணி மாட்டுறதா இருக்கேன்.

நேத்து அத்தை ஃபோன் பண்ணினாங்க. பக்கத்து பால்கனி மாதிரி அவங்களுக்கும் மணி வேணுமாம். "அந்த வளைவா இருக்கிற இடத்துல ஒரு ஓட்டை போட்டா மாட்டிக்கலாமேடா, அங்கதான் இடம் இருக்கு."

அங்க மட்டும் வேண்டாம் அத்தேன்னு அரை மணி நேரம் விளக்கிட்டு, இப்ப கையோட நுனிக்கிட்ட ஒரு சின்னக் காது வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். அடியில 3 மி.மீ. ஃபில்லெட்.